பித்தளைக்கு மேல் ஐந்து பூச்சு

அது பித்தளை என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோயில் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டு வாசல் கதவில் ஒரு வளையம் உண்டு. சின்ன வயதில் அதைப் பிடித்துத் தொங்கித்தான் கதவோடு சேர்ந்து ஆடுவேன். சாக்லேட் நிற எனாமல் பெயிண்டில் மொழுமொழுவென்று இருக்கும். இரும்பு என்று நினைத்திருந்தேன். போன சித்திரையில் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது, யாரோ சாத்தி வைத்த சைக்கிள் இடித்து வளையத்தின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. உள்ளே மஞ்சள்.

ஃப்ரிட்ஜில் காலண்டரைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தை எடுத்து வந்து கதவு முழுக்க வைத்துப் பார்த்தேன். கீல்களில் ஒட்டியது, மற்ற எதிலும் ஒட்டவில்லை. பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருந்தால் காந்தம் ஒட்டிக்கொள்ளும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த அசல் பித்தளையில் ஒட்டாது. இரண்டு வளையங்கள், அவற்றின் கீழே பூ வேலை செய்த தட்டுகள், தாழ்ப்பாள், நாதாங்கி, சாவித் துவாரத்தின் மூடி என்று கழற்றக்கூடிய உருப்படிகள் 11 இருந்தன. அது போக, கதவின் இரண்டு பலகைகளிலும் வரிசையாக 32 குமிழ்கள். அத்தனையும் பித்தளை, அத்தனையும் பெயிண்டுக்குள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பர்மா தேக்குக் கதவில் பித்தளைக் குமிழ் வைத்த ஒரு தலைமுறைக்குப் பிறகு, அதன் மேல் பெயிண்டை ஊற்றிய தலைமுறை எப்படி வந்தது? பெயிண்டர் சோம்பேறி, வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். அந்தக் கதை பிறகு என்ன ஆனது என்பதைத் தனியாகச் சொல்கிறேன். பெயிண்டை எடுத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

யூடியூபில் பார்த்தால் தக்காளி சாஸ், கோலா, பற்பசை என்று ஒரு மளிகைக்கடையே ஓடுகிறது. சாஸும் கோலாவும் பித்தளையின் கருப்பை எடுக்கும் அமிலங்கள். எனாமல் பெயிண்டை அவை தொடக்கூடத் தொடாது. ஒருவர் அம்மோனியாவில் ஊறவைக்கச் சொன்னார். பித்தளைக்கு அம்மோனியா ஆகவே ஆகாது. அதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டிருந்தன. பல காலம் காரணம் புரியவில்லை. 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவும், உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. வளையத்தையும் யாரோ வளைத்துத்தானே செய்திருப்பார்கள். அம்மோனியா பக்கம் நான் போகவில்லை.

ஹார்டுவேர் கடையில் 'ரிமூவர்' கேட்டால் ஒரு டின் தருவார்கள். இந்த வகையில் பழைய, வேகமான சரக்குக்குள் இருப்பது மெத்திலீன் குளோரைடு. பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது கொதிப்பதே சுமார் 40 டிகிரியில். கத்திரி வெயிலில் நம் ஊர்க் கொல்லையில் மூடியைத் திறந்தால் அடுப்பில்லாமலே ஆவியாகத் தயாராக இருக்கும் திரவம். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். மூச்சில் போனால் உடம்பு அதில் ஒரு பங்கைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடும். அமெரிக்காவில் குளியல் தொட்டிகளுக்குப் புதுப்பூச்சு போடும் தொழிலாளிகள் மூடிய குளியலறைகளில் இதை வைத்து வேலை செய்து இறந்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கு விற்கும் பெயிண்ட் ரிமூவர்களில் இது இருக்கக்கூடாது என்று 2019-இல் அங்கே தடை வந்தது. கடைக்காரர் நீட்டிய டின்னில் என்ன இருக்கிறது என்று எழுதவே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது உப்புத்தாள். தேய்த்தால் பெயிண்ட் போகும், கூடவே பூ வேலையும் போகும். அதைவிடப் பெரிய சிக்கல் காரீயம். நம் வீட்டுப் பெயிண்டுகளில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற கட்டாய விதி 2016-இல்தான் அறிவிக்கப்பட்டது, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதுவும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை போன்ற அடர் நிறங்களில், எவ்வளவும் இருந்திருக்கலாம். அந்த மஞ்சளே பல சமயம் லெட் குரோமேட் என்ற காரீயச் சேர்மம். உலர வைத்துத் தேய்த்தால் அது தூளாகி, திண்ணையில் தவழும் குழந்தையின் விரல் வழியாக வாய்க்குப் போகும். நெருப்பில் காட்டினால் புகையாக நம் மூக்குக்கு வரும். (ஈயச்சொம்பில் ரசம் வைத்த வீட்டில் ஈயம் என்றால் பயப்பட வைப்பது கஷ்டம். சொம்பு வெள்ளீயம், பெயிண்டில் இருப்பது காரீயம், இரண்டும் வேறு உலோகம் என்று பெரியம்மாவிடம் விளக்கினேன். "ஈயத்துல நல்லது கெட்டது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார்.)

கடைசியில் தேறியது வெந்நீர். வெறும் வெந்நீர், கூடக் கொஞ்சம் சமையல் சோடா.

வெந்நீருக்கு முன்னால் திருகாணிகள். இந்த வேலையில் என் பொறுமை முக்கால்வாசி அங்கேதான் தீர்ந்தது. எல்லாமே ஒற்றைக் கோடு போட்ட பித்தளைத் திருகாணிகள். கோடு முழுக்கப் பெயிண்ட் அடைத்து, திருகாணி எங்கே தட்டு எங்கே என்று தெரியாமல் ஒன்றாகிக் கிடந்தன. பித்தளை மிருதுவான உலோகம். கோட்டில் சரியாக உட்காராத ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு திருப்புத் திருப்பினால் தலை வழித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் கடவுளே வந்தாலும் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். கோணி ஊசியால் ஒவ்வொரு கோட்டிலும் பெயிண்டைக் குத்திக் குடைந்து எடுத்தேன். கோட்டின் முழு அகலத்துக்கும் பொருந்துகிற ஸ்க்ரூடிரைவரை வைத்து, அதன் பின்பக்கத்தில் சுத்தியலால் இரண்டு தட்டு. பிறகு முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூலளவு, அதற்கப்புறம்தான் கழற்றுகிற பக்கம். இப்படி 38 திருகாணிகளில் 36 வந்தன. வராத இரண்டைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

தட்டின் விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவே பெயிண்ட் பாலம் கட்டியிருக்கும். அதைப் பிளேடால் கீறிவிடாமல் நெம்பினால் தேக்கின் மேல்தோலும் சேர்ந்து வரும். முதல் தட்டில் அது நடந்தது. அந்தத் தழும்பு கதவில் இருக்கிறது.

ஒவ்வொரு உருப்படியையும் அதன் திருகாணிகளோடு தனித்தனிக் கவரில் போட்டு, 'இடது வளையம் கீழ்த்தட்டு' என்பதுபோல எழுதி வைத்தேன். கையால் செய்த காலத்துச் சாமான்களில் இடது பக்கத்தது வலது பக்கத்தில் பொருந்தாது. துளைகள் நூலளவு தள்ளித் தள்ளி இருக்கும்.

சரி, அடுப்பு. கொல்லையில் கல் கூட்டி விறகடுப்பு, அதன் மேல் அடிப்பிடித்து ஒதுக்கி வைத்திருந்த ஒரு எவர்சில்வர் குண்டான். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரித்துக் கறுப்பாக்கிவிடும். குண்டானைக் கேட்டபோதே பெரியம்மா நிபந்தனை போட்டுவிட்டார்: "அது இனிமே சமையக்கட்டுக்குள்ள வரப்படாது." காரீயக் கணக்குப்படியும் அதுதான் சரி. தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா. தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை. ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி வரும் சூடு போதும்.

இதில் நடப்பதை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். பித்தளை சூட்டில் நன்றாக விரியும் உலோகம். பத்து சென்டிமீட்டர் கைப்பிடி ஒன்று, அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைப் பக்கம் போகும்போது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் நீளும். மேலே இருக்கும் பெயிண்ட் அதே கணக்கில் விரிவதில்லை. அதோடு சூட்டில் இளகியும் போகிறது. இரண்டுக்கும் இடையில் பிடி தளர்ந்து, விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே நுழைகிறது. சமையல் சோடா சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சலவைச் சோடாவாக மாறும். எனாமல் என்பது எண்ணெய் சார்ந்த பெயிண்ட், சோடா அந்த எண்ணெயைச் சோப்பாக்கப் பார்க்கும். எங்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. வழவழப்பான பித்தளையில் பிரைமர் போடாமல் நேரடியாக அடித்த பெயிண்ட் இது. அதற்கு முதலிலிருந்தே ஒழுங்கான பிடிப்பு கிடையாது.

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பெரியம்மா இரண்டு தடவை வந்து, "பருப்பு வெந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து, வளையத்தை இடுக்கியால் தூக்கினேன். வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி பெயிண்ட் ஒரு பக்கமாகச் சுருங்கிக் கிடந்தது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மூங்கில் சிம்பால் ஓரத்தில் நெம்பியதும் ஒரே உறையாகக் கழன்று வந்தது, பாம்புச் சட்டை போல. சூடு ஆறுவதற்குள் உரித்துவிட வேண்டும். ஆறினால் பழையபடி ஒட்டிக்கொள்ளும், திரும்பக் குண்டானில் போட வேண்டியதுதான். பூ வேலையின் இடுக்குகளில் தங்கியதைப் பழைய பல் பிரஷ் பார்த்துக்கொண்டது. இரும்பு நார் மட்டும் கையிலெடுக்கவில்லை. அது போடும் கீறலை எடுக்க இன்னொரு வாரம் ஆகும்.

குண்டான் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பெயிண்ட் சக்கையை ஒரு டின்னில் போட்டு மூடியை இறுக்கினேன். கொல்லையில் கொட்டினால் கீரைப்பாத்திக்குத்தான் போகும். டின்னைச் சென்னைக்கு எடுத்துவந்துவிட்டேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இன்னும் பால்கனியில் இருக்கிறது.

உரிந்த உறை ஒன்றைக் குறுக்கே வெட்டி வெயிலில் காயவைத்துப் பார்த்தபோது ஐந்து அடுக்கு தெரிந்தது. மேலே சாக்லேட். அதற்குக் கீழே இன்னொரு சாக்லேட், கொஞ்சம் சிவப்பு ஓடியது. அடுத்து வெள்ளை. அப்புறம் நீலம். பித்தளையை ஒட்டி அடியில் ஒரு இலைப்பச்சை. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்தப் பச்சை 77 புயலுக்கு அப்புறம் அடிச்சது."

நாகப்பட்டினத்தில் கரையேறிய 1977 நவம்பர் புயலை வைத்துத்தான் எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்காரர்கள் வருஷம் கணக்கிடுவார்கள். புயலுக்கு முன், புயலுக்குப் பின்.

"தண்ணி ஏறி கதவெல்லாம் பாழாப் போயிருந்துச்சு. உன் பெரியப்பா பெயிண்டரக் கூட்டியாந்தாங்க."

"அவன்தான் பித்தளை மேலயும் இழுத்துட்டுப் போயிட்டானா?"

"அவன் எங்க அடிச்சான்? பித்தளைய விட்டுட்டு மரத்துல மட்டுந்தான் அடிச்சான். நாந்தான் கூடக் காசு குடுத்து அதுலயும் அடிச்சுடுன்னேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு இருபது வயது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் அப்பாயி புளியையும் செங்கல் பொடியையும் கொண்டுவந்து வைத்துவிடுவாராம். வெள்ளி விடிவதற்குள் கதவில் இருக்கிற 43 உருப்படியும் மின்ன வேண்டும். அதற்கு மேல் குத்துவிளக்கு, குடம், அண்டா. பொங்கலென்றால் மூன்று நாள் இதே வேலை. "புளித்தண்ணி நகத்தோரமெல்லாம் அரிச்சு ரத்தம் கசியும். சோத்துல ரசம் ஊத்திப் பிசைய முடியாது. மூணு பிள்ளப் பெத்தப்பவும் விடல." புயல் அடித்த வருஷம் அப்பாயி படுத்த படுக்கையாகிவிட்டார். கதவைப் பார்க்க எழுந்து வர முடியாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் பெயிண்டருக்குக் காசு போயிருக்கிறது.

"உன் பெரியப்பாகூட ஏன் இப்படிப் பண்ணுனன்னு கேட்டாங்க. திருட்டுப் பயம், இரும்புன்னு நெனச்சுட்டுப் போவான்னேன். நல்ல யோசனைன்னுட்டாங்க."

என் சோம்பேறிப் பெயிண்டர் கதை அங்கே முடிந்துவிட்டது. அடுத்தடுத்த நான்கு பூச்சும் பழக்கத்தில் வந்தவையாம். முதல் பச்சைதான் அவர் எடுத்த முடிவு. பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் 'பெயிண்ட் அடித்துக் கெடுத்துவிட்டார்கள்' என்று எழுதும்போது, நானும் அப்படிப் பலமுறை பேசியிருக்கிறேன், யார் தேய்த்தார்கள் என்ற கேள்வியே வராது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பெயிண்ட் அப்பிய தாழ்ப்பாள்களைப் பார்த்து நான் உச்சுக் கொட்டியது ஞாபகம் வந்தது.

"நீ இப்ப பளபளன்னு ஆக்கி மாட்டிட்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறிருவ. அப்புறம் யாரு தேய்க்கிறது?" என்றார் பெரியம்மா. கேலியாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குக் கேட்டார்.

அந்தக் கேள்வி காதில் இருக்கும்போதே நான் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். உரித்தெடுத்த பித்தளை மின்னவில்லை. பழுப்பும் கருப்புமாக, அங்கங்கே பச்சைக் களிம்போடு இருந்தது. செம்பில் களிம்பு என்று, உயிரின் அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தத்தில் உவமை சொல்வார்கள், கூடவே பிறந்தது, வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல என்று. எனக்கு அந்த விவேகம் வரவில்லை. புளித்தண்ணீரில் வினிகரை ஊற்றி, நான்கு தட்டுகளைப் போட்டு, அதே கிண்ணத்தில் இரண்டு இரும்புத் திருகாணிகள் கிடந்ததைக் கவனிக்காமல் ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் தட்டுகள் வெளுத்த ரோஸ் நிறத்தில் இருந்தன.

நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கிறவர்கள் தெருவில் இதைக் கேட்காமல் வேறு எங்கே கேட்பது? காவிரி வண்டலில் அச்செடுத்து வார்ப்பவர் ஒருவர் தட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இரும்பு கெடந்துச்சா?" என்றார். அமிலத்தில் கரைந்த செம்பு, இரும்பைக் கண்டால் கரைசலிலிருந்து வெளியே வந்து பித்தளை மேலேயே படிந்துகொள்ளும். அது ஒரு காரணம். நேரம் நீண்டால் பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் முதலில் கரைந்து, செம்பு மட்டும் மிஞ்சுவது இன்னொன்று. "பெரியவங்க புளி போட்டுத் தேச்சு உடனே கழுவிடுவாங்க, ஊறப் போட மாட்டாங்க" என்றார். நைசான செங்கல் பொடியை ஈரத்தோடு வைத்து, அவர் பட்டறையிலேயே உட்கார்ந்து தேய்த்துச் சரிசெய்தேன். சக்கரத்தில் வைத்து இரண்டு நிமிஷத்தில் மினுக்கித் தரவா என்றும் கேட்டார். பூவிதழ்களின் முனை மழுங்கிவிடும் என்று அவரே எச்சரிக்கவும் செய்தார். வேண்டாமென்றேன். நான்கு தட்டுத் தேய்த்ததற்கே நகத்தோரம் காந்தியது. 43 உருப்படி, வாராவாரம்.

அதற்கு மேல் நான் எதையும் மினுக்கவில்லை. பச்சைக் களிம்பை மட்டும் நீக்கி, பழுப்பை அப்படியே விட்டேன். அந்தப் பழுப்பு உலோகத்தின் மேல் தானாக உண்டான மெல்லிய ஆக்சைடு படலம். அதைச் சுரண்டச் சுரண்டப் பித்தளைதான் தேயும். தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று ஒருவர் சொன்னார். விளக்கின் அகலில் எண்ணெய் நின்ற இடம் பச்சையாவதைப் பார்த்தவர்கள் அதைச் செய்யக்கூடாது. எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்துதான் அந்தப் பச்சை வருகிறது. லாக்கர் என்ற நிறமில்லாத வார்னிஷ் அடிப்பது இன்னொரு வழி, ஆனால் ஒரு இடத்தில் கீறினால் அந்த இடம் மட்டும் கறுத்துத் திட்டுத் திட்டாகும். பித்தளையை லேசாகச் சூடாக்கி, தேன்மெழுகை மெல்லத் தடவி, பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை, அதையும் பொங்கலுக்குப் போகும்போது நானே செய்துவிடுவேன்.

திரும்ப மாட்டும்போது, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியைத் துளைக்குள் ஒருமுறை ஓட்டி வழி செய்துவிட்டு, அதை எடுத்துவிட்டுப் பித்தளைத் திருகாணியைப் போட்டேன். மரையில் கொஞ்சம் மெழுகு. பழைய தேக்கு பிடிவாதமானது, பித்தளைத் திருகாணியை நேரடியாக முறுக்கினால் பாதியில் முறிந்துவிடும்.

மிச்சம் 32 குமிழ்கள். அவை பலகையின் மறுபக்கம் வரை ஊடுருவி, முனையை மடக்கி அடித்தவை. கழற்றினால் மரம் பிளக்கும். கதவிலேயே வைத்து, சோடாத் தண்ணீரில் நனைத்த சூடான துணியைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம் என்று செய்தால் முடியும். ஒன்றில் செய்தும் பார்த்தேன், வந்தது. அடுத்ததற்குத் துணியை நனைக்கும்போது பெரியம்மா, "அத விட்டுரேன்" என்றார். விட்டுவிட்டேன். இப்போது கதவில் வளையமும் தாழ்ப்பாளும் மங்கின மஞ்சளாகவும், ஒரே ஒரு குமிழ் அதே நிறத்திலும், மற்ற 31 சாக்லேட் நிறத்திலும் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் வேலை பாதியில் நின்றுவிட்டதாக நினைக்கிறார்கள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் போன் செய்தபோது கதவைப் பற்றிக் கேட்டேன்.

"வளையம் கறுத்துத்தான் போச்சு. மழைல்ல."

"தேய்ச்சீங்களா பெரியம்மா?"

"நான் ஏன் தேய்க்கிறேன்?" என்றார். "நீ வந்து தேய்."